ஐந்து பேருக்கும் ஒரே பதில்

நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தை வீடு கட்டுகிற நிறுவனம் வாங்கிய வருடம், கோலா கங்சார் பக்கத்திலிருந்து லகாட் என்ற ஊரின் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்தோம். எனக்குப் பதினைந்து வயது. பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த அப்பா பேரங்காடி ஒன்றில் வாசலைக் காவல் காக்கும் ஜாகா வேலைக்குச் சேர்ந்தார். நான் தூங்குவதை நிறுத்திக்கொண்டேன். வீட்டில் யாரும் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. அழுகை வந்தால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவேன். பிள்ளை சுத்தமாக இருக்கப் பழகிவிட்டான் என்று அம்மா பெருமைப்பட்டார்.

புதுப் பள்ளியின் கடைசி வரிசையில் என்னைப்போலவே தோட்டங்களிலிருந்து வந்த நான்கு பேர் இருந்தார்கள். ஐவரில் மலாய் ஒழுங்காக வாசிக்கத் தெரிந்தவன் நான் மட்டும்தான். ஆகவே வீட்டுப்பாடம் முதல் விடுப்புக் கடிதம்வரை நான் எழுதுவேன், மற்றவர்கள் பார்த்து எழுதுவார்கள். ஒருமுறை எனக்குக் காய்ச்சல் என்று எழுதியதில் ஐந்து பேருக்கும் காய்ச்சல் வந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்தவனை எல்லோரும் மச்சான் என்றே கூப்பிடுவோம். எங்களில் அவன்தான் முரடன். அழுகிறவனை அவன் ஆம்பளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒருநாள் மனநிலை பற்றிய படிவம் ஒன்று வந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் சைபரிலிருந்து மூன்றுவரை ஓர் எண்ணை வட்டமிட வேண்டும். மூன்று என்றால் தினமும் அப்படித்தான் என்று அர்த்தம். இப்படிப்பட்ட படிவங்களை யாரும் படிப்பதில்லை என்பது எங்கள் குடும்பத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. அந்தத் தைரியத்தில் உண்மையை எழுதினேன். தூக்கம் வருவதில்லை: மூன்று. வாழ்வதே வீண் என்று தோன்றுகிறது: இரண்டை வட்டமிட்டு, அடித்துவிட்டு, மூன்று. நால்வரும் வழக்கம்போல் பார்த்து வட்டமிட்டார்கள். மச்சான் நான் அடித்ததையும் சேர்த்து அடித்தான்.

யாரோ படித்துவிட்டார்கள்.

மறுவாரம் ஐந்து பேரும் அப்பாக்களோடு ஆலோசகர் டீச்சரின் அறையில் நின்றோம். என் அப்பா ஜாகா சட்டையோடு வந்திருந்தார். "ஆம்பளப் புள்ளைங்களுக்கு என்னா டீச்சர் மன அழுத்தம்? சும்மா எழுதியிருக்கானுங்க லா" என்றார். மற்ற அப்பாக்கள் தலையாட்டினார்கள். டீச்சர் ஒவ்வொருவராகக் கேட்டார். முதல் மூவரும் என்னைப் பார்த்து எழுதியதாக உடனே ஒப்புக்கொண்டார்கள். என்ன கேள்வி என்றே தெரியாது என்றான் ஒருவன். எல்லா அப்பாக்களும் என்னைப் பார்த்தார்கள். என் அப்பா மட்டும் சுவரைப் பார்த்தார். விளையாட்டுக்கு எழுதினேன் என்று சொல்லிவிடத் தயாரானேன்.

அதற்குள் டீச்சர் மச்சானிடம் திரும்பினார்.

"நான் யாரையும் பாத்து எழுதல டீச்சர்" என்றான் அவன். "எனக்கும் அப்படித்தான் இருக்கு."

டீச்சர் எங்கள் இரண்டு படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே இடத்தில் இருந்த இரண்டு அடித்தல்களையும் பார்த்தார். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம் கேட்டபோது, எழுதியது உண்மைதான் என்றேன். அப்பா வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். வாசல்வரை போனவர் திரும்பி, சாப்பிட்டாயா என்று கேட்டார். அப்போது காலை பத்து மணி.

அதன்பிறகு செவ்வாய்தோறும் எங்கள் இருவருக்கும் அந்த அறையில் ஒரு மணி நேரம். நான் பேசுவேன், மச்சான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பான். எனக்காக ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, பாவம், இங்கே வந்து மாட்டிக்கொண்டானே என்று நினைப்பேன். நன்றியாகவும் இருக்கும்.

மூன்றாவது செவ்வாய் அவன் வாயைத் திறந்தான். அரைமணி நேரம் பேசினான். அதில் எதுவும் என்னைப் பார்த்து எழுதியதல்ல.