வினோலியாவின் வண்டிகள்

கோலார் தங்கவயலின் ஊரிகத்தில் பெங்களூர் ரயில் ஏறியதும் வினோலியா பையைத் திறந்து சாப்பாட்டு டப்பா, அடையாள அட்டை, சார்ஜர் மூன்றையும் பார்ப்பாள். பங்காருப்பேட்டையில் மறுபடி பார்ப்பாள். நடுவில் யார் எடுத்துவிடப் போகிறார்கள் என்று எதிர் சீட்டுக்காரர் கேட்டால், "கண்ணுல பட்டாத்தான் அங்கிள் நிம்மதி" என்பாள்.

பிறகு லேப்டாப்பை மடியில் விரிப்பாள். பெங்களூரில் ஆட்களை ஏற்றி இறக்கும் வண்டிகளுக்கு ஜாவாஸ்கிரிப்டில் நிரல் எழுதும் வேலை. 'வண்டி' என்று ஒரு கிளாஸ், அதாவது பொது அச்சு. அதிலிருந்துதான் எல்லா வண்டிகளும் உண்டாகின்றன. கிளம்பு, நில் என்ற வேலைகளையும் அந்தக் கிளாஸில்தான் எழுதியிருந்தாள். போன வாரம் ஒரு வண்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்று திரையில் கொட்டிப் பார்த்தால் எண் இருக்கிறது, டிரைவர் பெயர் இருக்கிறது. கிளம்பு இல்லை, நில் இல்லை. பயந்துபோய் ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாக அவற்றைத் திரும்ப எழுதி வைத்தாள்.

இன்று அதை மேலதிகாரி மமதாவிடம் காட்ட வேண்டும். வேலை நிரந்தரமாவதும் போவதும் அதில்தான். ஒரே வேலையைப் பல இடத்தில் எழுதினால் மமதாவுக்கு ஆகாது.

வினோலியா ஒரு வண்டிக்குத் திரும்ப எழுதிய நகல் வரிகளை மட்டும் நீக்கிவிட்டு, அந்த வண்டியைத் திரையில் கொட்டினாள். அதே கம்பெனியில் வேலை செய்யும் ஷில்பா பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி, டிரைவரு கீறாரு, இஞ்சினக் காணோம்."

"இரு."

கிளம்பு என்று கட்டளை கொடுத்தாள். வண்டி கிளம்பியது. நம்பாமல் இன்னொரு முறை கொடுத்தாள். கிளம்பியது.

"நம்ம லைன் வூடுங்களுக்குத் தண்ணிக் குழா எங்க கீது?" என்று வினோலியா கேட்டாள்.

"முனைல."

"எங்க வூட்டுக்குள்ள வந்து தேடுனா கெடைக்குமா? ஆனா தண்ணி எங்களுக்கும் தான. இதுவும் அப்டித்தான். கொட்டுனா வண்டியோட சொந்த சாமான் மட்டும் காட்டுது. கிளம்பு, நில்லு ரெண்டும் கிளாஸோட பொதுவுல கீது. எல்லா வண்டியும் அங்கருந்துதான் எடுத்துக்குது."

திரையில் கொட்டியதன் கடைசி வரியில் இருந்த சின்ன முக்கோணத்தை அழுத்தி விரித்தாள். உள்ளே கிளம்பு இருந்தது, நில் இருந்தது.

"மேடம் இதெல்லாம் தொறந்து பாப்பாங்களா? மேலாக்கத் தெரியலன்னா கேள்வி கேப்பாங்க. நகல் இருக்கட்டும் வுடு" என்றாள் ஷில்பா.

வினோலியா நகத்தைக் கடித்தாள். ஒயிட்ஃபீல்டு தாண்டியதும் நகல் வரிகள் எல்லாவற்றையும் அழித்துச் சேமித்தாள். அழித்ததைத் திரும்பக் கொண்டுவரும் பொத்தான் பக்கம் விரல் போயிற்று.

"கேக்கட்டும். சொல்றேன்."

இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அவற்றின்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டாள்.