மஞ்சள் கூட்டுக்குள் குடியிருந்தவை

பெரம்பலூரில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் நான் உதவியாளர். குடுவைகளைக் கழுவுவது, நுண்ணோக்கிகளுக்கு உறை போடுவது, தவளை எலும்புக்கூட்டில் ஏறும் தூசியைத் தட்டுவது, இவைதான் என் வேலை. நான் கழுவிய பொருளில் அழுக்கு மிஞ்சாது என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமைதான் அன்றைக்கு என்னைக் கவிழ்க்கப் பார்த்தது.

எங்களிடம் படித்த ஒருவர் கடலாய்வுக் கப்பலில் வேலை பார்க்கிறார். கல்லூரிக் கண்காட்சியில் வைக்கச் சொல்லி, பழுதாகிப்போன கருவி ஒன்றை பார்சல் வண்டியில் அனுப்பியிருந்தார். கடலுக்கடியில் நீரோட்டத்தை அளக்கும் கருவி அது. வெளிச்சம் எட்டாத ஆழத்தில் ஒன்றரை வருடம் கிடந்துவிட்டு, அதற்கு முந்தின வாரம்தான் மேலே வந்ததாம். கூடவே இரண்டு மிதவைகள். ஒவ்வொன்றும் பெரிய பறங்கிக்காய் அளவு இருக்கும். உள்ளே தடித்த கண்ணாடி உருண்டை, அதைக் காக்க வெளியே மஞ்சள் பிளாஸ்டிக் கூடு. ஈரச் சாக்கில் சுற்றி வந்ததால் ஆய்வகம் முழுக்கக் கருவாட்டு வாடை.

எங்கள் துறைத் தலைவியை எல்லாரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"பாக்க வர்றவங்க வாசல்லயே திரும்பிப் போயிடுவாங்க. நல்லா தேச்சுக் கழுவிடுங்க."

பின்பக்கக் குழாயடிக்கு எல்லாவற்றையும் இழுத்துப்போனேன். முதல் மிதவையின் கூட்டைத் திருகு கழற்றித் திறந்து, சோப்புத்தூள் போட்டு, உள்பக்கம் பிரஷ்ஷால் தேய்த்தேன். பழுப்பாக ஒரு வாளி தண்ணீர் வந்தது. அதைப் பப்பாளி மரத்தடியில் ஊற்றினேன். இரண்டாவது வாளியில் பாதி தேய்த்திருப்பேன், விளிம்பில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. நகத்தால் சுரண்டினேன். அப்போதுதான் அதன் வடிவம் கண்ணில் பட்டது. சுருண்டு சுருண்டு போய், கடைசியில் வாய் மட்டும் ஒருபக்கமாகத் தூக்கி நின்றது.

எனக்கு அதைத் தெரியும். எங்கள் அலமாரியின் மூன்றாம் தட்டில், அரியலூர் சுண்ணாம்புச் சுரங்கத்திலிருந்து வந்த, பழங்காலக் கடல் உயிர்கள் கல்லாகிப் படிந்த கற்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. நான் செந்துறைக்காரி, எங்கள் பக்கத்துக் காட்டில் கிளிஞ்சல் கல்லை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் இந்தப் பெட்டியை வாரம் ஒருமுறை துடைப்பதால் ஒவ்வொரு கல்லும் எனக்கு மனப்பாடம். அதில் ஒன்றில் இதே சுருள். பக்கத்தில் 'புழுக்குழல்' என்று சீட்டு ஒட்டியிருக்கும், கடற்புழு தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் வீடு அது.

பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டு ஈரக்கையோடு ஓடினேன். "மேடம், இது அழுக்கு இல்லைங்க. உள்ளார ஏதோ குடியிருந்திருக்குங்க."

மேடம் பூதக்கண்ணாடியோடு வந்து குழாயடியில் மண்டிபோட்டுப் பார்த்தார். உடனே, கருவியை அனுப்பிய பழைய மாணவருக்குப் போன் போட்டார். அவர், சென்னையில் ஆழ்கடல் உயிர்களை ஆராயும் ஒருவரை லைனில் சேர்த்துவிட்டார். இளம்பெண்ணின் குரல்.

"கப்பல்ல வெளிப்பக்கம் மட்டும் தண்ணி அடிச்சு விட்டுட்டாங்க மேடம், கூட்டைத் திறக்கவே இல்ல. நீங்க இன்னும் கழுவலையே?"

மேடம் போனை என்னிடம் நீட்டிவிட்டார்.

"ஒண்ணு பாதி கழுவிட்டேங்க" என்றேன்.

"கழுவின தண்ணி எங்கக்கா?"

"ஒரு வாளி இருக்குங்க. இன்னொரு வாளிய மரத்துக்கு ஊத்திட்டேங்க."

"சரி, போனது போச்சு. இருக்கறத வடிகட்டி ஸ்பிரிட்ல போட்டு வைங்க. ஃபார்மலின் வேண்டாம், மரபணு கெட்டுடும். இன்னொரு மிதவையத் தொடாதீங்க, நான் காலையில வந்துடறேன்."

டீ வடிகட்டியில் ஓட்டை பெரிது. நான் துணி தேடி அலைவதைப் பார்த்த மேடம், தன் துப்பட்டாவை உருவி வாளிமேல் விரித்தார். புதுத் துப்பட்டா. நான் தயங்க, "ஊத்துங்க" என்றார். துணியில் தங்கிய பழுப்பை ஆளுக்கொரு இடுக்கியோடு பிரித்தோம். வெள்ளைக் குழல்கள் உடைந்தும் உடையாமலும் கிடந்தன. பப்பாளி மரத்தடி மண்ணையும் அள்ளிச் சலித்துப் பார்த்தோம். இரண்டு குழல் துண்டும் நாலைந்து எறும்பும்தான் கிடைத்தன. அன்றிலிருந்து எந்த வாளியையும் உற்றுப் பார்க்காமல் நான் கொட்டுவதில்லை.

மறுநாள் காலை அந்தப் பெண் தெர்மாகோல் பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். இரண்டாவது மிதவையின் திருகுகள் இறுகிப்போயிருந்தன. தட்டினால் உள்ளே இருப்பவை உதிர்ந்துவிடும் என்று அவள் பயந்தாள். என் கணவர் எறையூர் சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். அன்று அவருக்கு மதியம்தான் ஷிஃப்ட். போன் செய்தேன். பையில் ஸ்பேனரோடு வந்தவர், ஒவ்வொரு திருகுக்கும் சொட்டு எண்ணெய் விட்டுப் பொறுமையாகக் காத்திருந்து, தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து பொம்மையை எடுப்பதுபோல் கழற்றினார். நாங்கள் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

கூடு இரண்டாகப் பிரிந்தது. உள்பக்கம் முழுக்க வெள்ளைச் சுருள்கள். கண்ணாடிக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையிலிருந்த சந்தில், கொத்தமல்லி விதை அளவு உடம்பும் நூல் மாதிரி ஐந்து கைகளுமாக, நட்சத்திர மீன் சாதியில் ஒன்று. அதன் பக்கத்தில் கூனி இறால்போல் வளைந்த சின்னஞ்சிறு பிராணி ஒன்று. எல்லாம் செத்தவைதான், ஆனால் முழுசாக இருந்தன.

"அவ்ளோ ஆழத்துல இது எப்படிம்மா பிளாஸ்டிக்க தேடி வந்துச்சு?" என்று என் கணவர் கேட்டார்.

"கீழ முழுக்கச் சேறுதாங்க அண்ணா. புடிச்சு நிக்க ஒரு கல்லு கெடைக்காது. குஞ்சா இருக்கப்ப தண்ணியில மெதந்துக்கிட்டே எடம் தேடும். நம்ம மிதவை மாட்டிக்கிச்சு."

கூனியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவள் சட்டென நிமிர்ந்து, நாற்காலியை எனக்கு விட்டுத் தந்தாள். "வயித்துப் பக்கம் பாருங்கக்கா."

பார்த்தேன். கால்களுக்கு நடுவே ஒரு பை. அதில் ஜவ்வரிசிபோல் வரிசையாக முட்டைகள்.

"மேல வர்ற வழியில தொத்திக்கிட்டது இல்ல" என்றாள். "அங்கேயே குடும்பம் நடத்தியிருக்கு."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மேடம் பார்த்தார், என் கணவர் பார்த்தார், மறுபடி நான் பார்த்தேன். கல்லூரி மணி அடித்தது யார் காதிலும் விழவில்லை. ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதை மேடம்தான் அவருக்கு ஞாபகப்படுத்தினார்.

அந்த நட்சத்திரத்தை முன்பே அறிந்திருக்கிறார்களாம். கூனி இன்ன வகை என்று இன்னும் முடிவாகவில்லை, வெளியூர் நிபுணர்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் அதன் பிறகு கப்பல்காரர்கள் எந்த மிதவையையும் திறந்து பார்க்காமல் கழுவுவதில்லை. சுரண்டி எடுத்ததைப் பாட்டில்களில் எங்களுக்கு அனுப்புகிறார்கள். இனம் பிரித்து வைப்பது இப்போது என் வேலைகளில் ஒன்று.

போன மாசியில் ஒரு காலை அவளிடமிருந்து போன். தூத்துக்குடியில் கப்பல் கரை சேர்ந்து, வேனில் சென்னை போய்க்கொண்டிருக்கிறார்களாம். "பெரம்பலூர் நாலு ரோட்டுல அஞ்சு நிமிஷம் நிறுத்தறோம். வாங்கக்கா, ஒண்ணு காட்டணும்."

கணவரின் பைக்கில் ஏறி இருவரும் பறந்தோம். லாரிகள் இரையும் சாலையோரத்தில் அவள் வேனின் பின்கதவைத் திறந்து, ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். கண்ணாடி வேர்த்திருந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு உற்றுப் பார்த்தேன். மிதவைக் கயிற்றில் ஒரு துண்டு, அதில் அரிசிக் குருணை அளவு வெளிறிய கூனிகள் மூன்று. இரண்டு அசையவில்லை. மூன்றாவது, கயிற்றைப் பின்கால்களால் கவ்விக்கொண்டு, முன்கால்களால் தண்ணீரைத் தன் பக்கம் வாரி வாரி இழுத்தது.

"உசுரோட இருக்கா?" என்றார் என் கணவர், ஹெல்மெட்டைக் கழற்றாமலே குனிந்து.

"மேல வர்ற வழியிலயே முக்காவாசி செத்துரும் அண்ணா. இது தாங்கிருச்சு. நல்லாச் சில்லுனு வெச்சிருக்கோம். சென்னை வரைக்கும் போய்ச் சேர்ந்துட்டா போதும்."

அதற்குமேல் வெயிலில் வைத்திருக்க அவள் விடவில்லை. பாட்டில் ஐஸுக்குள் போனது, கதவு சாத்திக்கொண்டது, வேன் சுங்கச்சாவடிப் பக்கம் விரைந்தது. நான் மேடத்துக்குப் போன் போட்டு, பார்த்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, அரைநாள் லீவு கேட்டேன். அன்றைக்கு என் கையில் குடுவை கொடுத்தால் உடைத்துவிடுவேன் என்று எனக்கே தெரிந்தது.