கோபுரத்தின் பின்னால் கொடுத்த கை

யாழ்ப்பாணத்தில் சாரணர் இயக்கத்துக்கு இருபத்தைந்து வயது நிறைந்தபோது உலகத்தில் சண்டை நடந்துகொண்டிருந்தது. விழாவுக்கு எதைத் தேடினாலும் கிடைக்கவில்லை. காக்கித் துணி இல்லை, சீனி இல்லை. கயிறு கண்ணில் படவே இல்லை. எங்கள் பள்ளிக்கூடத்துச் சாரணர் படையோ, மைதானத்தில் காட்டுத்தடிகளால் முப்பதடி உயரக் காவற்கோபுரம் ஒன்று கட்டி, அதன் உச்சியில் கொடி ஏற்றுவதாக ஒப்புக்கொண்டு விட்டது. ஆணி ஒன்றும் அடிக்கக்கூடாது. எல்லாம் கயிற்றுக் கட்டு. பொறுப்பு என் தலையில்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுப் புத்தூரில் பெரியப்பாவின் காணியில் புகையிலை செய்துகொண்டிருந்தேன். பழைய சாரணன் என்ற உரிமையில் பின்னேரங்களில் பிள்ளைகளைப் பழக்குவேன். படிக்காதவன் இதையாவது ஒழுங்காகச் செய்தான் என்று ஊர் சொல்லவேண்டும் என்று எனக்கு ஒரே வெறி.

கயிறு தேடிக் கொழும்புத்துறைக்குச் சைக்கிளில் போனேன். கரையில் வள்ளத்தைக் கழுவிக்கொண்டு ஒருவர் நின்றார். நாற்பது வயது இருக்கும். விஷயத்தைச் சொன்னேன்.

"கயிறு தரலாம் தம்பி. ஆனால் கயிற்றைத் தனிய அனுப்பமாட்டன். அது என்ரை சோறு. நானும் கூட வாறன்" என்றார்.

சொன்னபடி வந்தார். மூன்று நாள் கடலுக்குப் போகவில்லை. நாங்கள் புத்தகத்தைப் பார்த்துப் போட்டிருந்த கட்டுகளைக் காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"உது கட்டில்லைப் பிள்ளையள். உது கொண்டை. பூ வைச்சால் வடிவாயிருக்கும்."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் எல்லாவற்றையும் அவிழ்த்து முதலிலிருந்து கட்டினார். கை ஓயாததுபோல வாயும் ஓயாது. மேலே ஏறிய ஒருவன் இறங்கமாட்டாமல் தடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றபோது, "பயப்பிடாதை ராசா, நிலம் ஒரு இடமும் போகாது, நீ ஆறுதலாய் வா" என்றார். இப்படியான பேச்சைக் கேட்டால் எனக்குப் பலகாரம் கிடைத்த மாதிரி. இரண்டாம் நாளே அவரை "அண்ணை" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டேன். எங்கள் பக்கத்தில் காணி வைத்துத் தோட்டம் செய்கிற வீட்டுப் பிள்ளைகள் கடற்கரை ஆட்களை அப்படிக் கூப்பிடுவதில்லை. எந்த வயதானாலும் "நீ"தான்.

மூன்றாம் நாள் அவர் என்னைக் கோபுரத்தின் பின்பக்கம் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, கேக்கிறனெண்டு குறை நினையாதையுங்கோ. உந்தப் பிள்ளையள் ஏன் ஆளையாள் கண்டவுடனை பீச்சங்கையைக் குடுக்கினம்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாரணர் இடக்கையால்தான் கைகொடுப்பார்கள் என்று விளக்கினேன். முற்காலத்துப் போர்வீரன் இடக்கையில் கேடயம் பிடிப்பான். அதைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையை நீட்டினால், உன்னிடம் எனக்குப் பயமில்லை, உன்னை நம்புகிறேன் என்று பொருள்.

அவர் தன் இடக்கையைப் புரட்டிப் பார்த்தார். "வள்ளத்திலை எங்களுக்கு வலம் இடமெண்டு இல்லைத் தம்பி. கயிறு பிடிச்ச கை எதுவோ அதுதான் கை."

நான் என் இடக்கையை நீட்டினேன். "அப்ப நீங்களும் இனி எங்கடை ஆள், அண்ணை. நாளைக்குக் கொடி ஏறினவுடனை எல்லாருக்கும் முன்னாலை வந்து எனக்குக் கை தாருங்கோ."

"மெய்யாவோ?"

"மெய்தான்." அவர் தன் இடக்கையால் என் கையை இறுகப் பிடித்தார்.

மறுநாள் மைதானம் நிறைந்துவிட்டது. முன்வரிசைக் கதிரைகளில் பெரிய உத்தியோகத்தர், பள்ளிக்கூட முகாமையாளர், தலைப்பாகையோடு என் பெரியப்பா. கோபுரம் இம்மியும் அசையவில்லை. கொடி ஏறியது. சாரணர் எல்லோரும் சகோதரர் என்ற சாரணர் விதியை நானே உரக்கச் சொல்லிக் கொடுத்தேன். உத்தியோகத்தர் எழுந்து கைதட்டினார்.

அப்போது அண்ணை வந்தார். கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டை. முகம் முழுக்கச் சிரிப்பு. முன்வரிசைக்கு முன்னால் நேராக என்னிடம் வந்து, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, இடக்கையை நீட்டினார்.

"ஆரடா உவன்?" என்றார் பெரியப்பா. "உனக்குப் பீச்சங்கையை நீட்டுறான்!"

பக்கத்துக் கதிரைகள் திரும்பின. இது சாரணர் வழக்கம், நான்தான் வரச்சொன்னேன் என்று சொன்னால் போதும். இரண்டு வசனம். பெரியப்பாவின் காணியை நினைத்துப் பயந்தேன் என்று பின்னாளில் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அந்த நேரம் காணி என் நினைவிலேயே வரவில்லை. அந்தக் கதிரைகள் என்னைப் பார்த்துச் சிரித்துவிடும் என்பது மட்டுமே வந்தது.

"கயிறு கொண்டுவந்த ஆள், பெரியப்பா. கரைச் சனம். வலக்கை இடக்கை தெரியாது" என்றேன். பிறகு அவர் பக்கம் திரும்பி, "நீ போய்க் கயிற்றைப் பார்" என்றேன்.

கதிரைகள் சிரித்தன. அவர் நீட்டிய கை சற்று நேரம் அப்படியே நின்றது. என் முகத்தைப் பார்த்தார். அவர் வாய் திறந்து உண்மையைச் சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"ஓம் ஐயா," என்று பெரியப்பாவைப் பார்த்துச் சொன்னார். "தெரியாமல் நீட்டிப் போட்டன். குறை நினையாதையுங்கோ."

என்னைக் காப்பாற்றிவிட்டுப் போனார்.

சனம் கலைந்த பிறகு அவர் தனியாகக் கட்டுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் உதவிக்குப் போனார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை, தடிகள் காலில் விழாமல் ஒதுங்கி நிற்கச் சொன்னார். நான் கிட்டப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

"கயிறெல்லாம் சரியோ எண்டு பாருங்கோ."

"சரியாயிருக்கு ஐயா" என்றார் நிமிராமல். மூன்று நாளும் என்னைத் தம்பி என்றவர். கயிற்றை வளையமாகச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பெரியப்பாவின் வண்டி எனக்காகக் காத்து நின்றது. ஏறிக்கொண்டேன். "நல்லாச் சமாளிச்சாய்" என்று பெரியப்பா முதுகில் தட்டியபோது நானும் சிரித்தேன்.

நான் கதைகாரன். கலியாண வீடு, சந்தை, எங்கே நாலு பேர் கூடினாலும் அந்தக் கோபுரத்தின் கதையைச் சொல்லியிருக்கிறேன். கொண்டைக்குச் சிரிப்பார்கள். கயிறு பிடித்த கை என்றதும் "அடடா" என்பார்கள். கோபுரத்தின் பின்னால் அவருக்குக் கைகொடுத்த இடத்தில், எனக்கு நல்ல பெயர் இருக்கும்போதே, கதையை நிறுத்திவிட்டு வெற்றிலைக்குக் கை நீட்டுவேன். மிச்சத்தை ஒருவரும் கேட்டதில்லை.