அஞ்சு மேடத்தின் புருவம்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. பேச்சுப் பயிற்சி மையத்துக்கு வரும் பெற்றோர் எல்லோரும் 'அஞ்சு மேடம்' என்றே கூப்பிடுவார்கள். புதிதாக வருகிறவர்கள் அதுதான் சொந்தப் பெயர் என்று நினைத்துக்கொள்வார்கள். விஷயம் வேறு. ஒரு குழந்தையிடம் எதையாவது கேட்டுவிட்டால், மனசுக்குள் ஒன்றிலிருந்து ஐந்துவரை எண்ணி முடிக்காமல் அவர் உதவிக்குப் போகமாட்டார். பக்கத்தில் இருக்கும் அம்மா வாயைத் திறந்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். பேச்சு வர நேரமாகும் ஆட்டிசக் குழந்தைகளுக்கு அந்த ஐந்து எண்ணிக்கை பெரிய வரம் என்பார். வீட்டில் உப்பு கேட்டால்கூட ஐந்து எண்ணிவிட்டுத்தான் நகர்த்துகிறாள் என்று அவருடைய கணவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த வேலைக்கு அவர் நேராக வரவில்லை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சிப் பிரிவுக்கு வெளியே டோக்கன் கொடுக்கும் மேஜையில் ஒன்பது வருஷம் உட்கார்ந்திருந்தார். குழந்தையைப் பார்த்து "உன் பேர் என்ன கண்ணு?" என்று கேட்பார். பதில் அம்மாவிடமிருந்து வரும். ஒருநாள் ஓர் அம்மா கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்ததால் பதில் சொல்ல மறந்துபோனார். மேஜை விளிம்பைப் பிடித்தபடி நின்ற பையன் கொஞ்ச நேரம் கழித்துத் தன் பெயரைத் தானே சொன்னான். அந்த வருஷமே அஞ்சு மேடம் மாலைக் கல்லூரியில் பேச்சுப் பயிற்சிப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டார். அப்போது அவருக்கு முப்பத்தொரு வயது. வகுப்பில் மற்றவர்கள் அவரை அக்கா என்று கூப்பிட்டார்கள். அதையெல்லாம் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பதினோரு வருஷ அனுபவத்தில் கை தேர்ந்துவிட்டது. அந்தத் தைரியத்தில் இருந்தபோதுதான் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கின் மகள் வந்தாள். ஏழு வயது. வீட்டில் பாப்பா என்று கூப்பிட்டார்கள், மையத்திலும் அதுவே நிலைத்தது. சத்தம் எழுப்புவாள், பாட்டு முனகுவாள், ஆனால் எது வேண்டும் என்று யாரிடமும் கேட்கத் தெரியாது.

குழந்தைக்கு ஒரு காரியம் தானாகச் செய்ய வருவதற்கு முன் கொடுக்கும் சின்னச் சின்ன உதவிக்கு அந்தத் தொழிலில் 'ப்ராம்ப்ட்' என்று பெயர். கையைப் பிடித்துச் செய்யவைப்பது, விரலால் காட்டுவது, சொல்லின் முதல் எழுத்தை மட்டும் எடுத்துக்கொடுப்பது எல்லாம் அதில் அடக்கம். கொடுப்பது சுலபம். கொடுத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக வாபஸ் வாங்குவதில்தான் வித்தை இருக்கிறது. அஞ்சு மேடம் அதில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர். ஆறு வாரத்தில், மூன்று படங்களைப் பரப்பி வைத்துத் "தண்ணி எது?" என்று கேட்டால் பாப்பா சரியாகத் தொட்டாள். இருபது தடவைக்குப் பதினெட்டு சரி. டம்ளரைக் காட்டினால் "தண்ணி" என்று வாயாலும் சொன்னாள். முதல் எழுத்தைக்கூட எடுத்துக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் மட்டும் ஒன்றுமே நடக்கவில்லை. நீங்கள் செய்யும் விதத்தில் ஏதோ கோளாறு இருக்கும், நான் வந்து பார்க்கிறேன் என்று பெற்றோரிடம் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அஞ்சு மேடம் அவர்கள் வீட்டுக்கே போனார்.

சமையலறை மேஜையில் படங்களைப் பரப்பினார்கள். மெக்கானிக் கேட்டார். பாப்பா அப்பாவின் முகத்தையே பார்த்தாள். அந்த முகம் எந்தக் குறிப்பும் காட்டாமல் சுவர் மாதிரி இருந்தது. கடைசியில் மூன்று படங்களையும் வரிசையாகத் தொட்டு வைத்தாள். பிறகு அஞ்சு மேடம் உட்கார்ந்து கேட்டார். சரி, சரி, மறுபடியும் சரி. பாத்தீங்களா என்பதுபோல் அவர் திரும்பினார்.

மெக்கானிக் அதிகம் பேசாதவர். கைகளைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "மேடம், அவ படத்தைப் பாக்கல. உங்க மூஞ்சியைத்தான் பாக்குறா."

முகத்தைப் பார்ப்பது நல்ல விஷயம்தானே என்றார் அஞ்சு மேடம்.

"நல்லதுதான். ஆனா ஒரு லிஃப்ட், நான் உள்ள நிக்கும்போது மட்டும் மாடிக்கு நேரா நிக்குதுன்னு வச்சுக்கோங்க. நான் எறங்கினதும் நட்ட நடுவுல நின்னுடுது. அப்ப நான் அதை ரிப்பேர் பண்ணிட்டேன்னு சொல்ல முடியுமா?"

அஞ்சு மேடத்துக்குச் சுருக்கென்றது. மரியாதையாக விடைபெற்றாலும் பஸ்ஸில் வரும்வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தார். இதுவரை எத்தனை குழந்தைகளைப் பார்த்தாயிற்று, படம் எது மூஞ்சி எது என்று எனக்குத் தெரியாதா என்று வீட்டில் வந்து கொட்டினார். கணவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். "எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் உன்னால ஒரு பொய் சொல்ல முடியாது. வாய் திறக்கறதுக்குள்ள மூஞ்சி எல்லாத்தையும் சொல்லிடும்" என்றார்.

மையத்தில் வகுப்புகளை வீடியோ எடுக்கும் வழக்கம் உண்டு. கேமரா எப்போதும் குழந்தையின் பக்கம் இருக்கும். மறுநாள் அஞ்சு மேடம் போனைத் தன் முகத்துக்கு நேராக நிறுத்திவைத்து வகுப்பை நடத்தினார். மதிய இடைவேளையில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே, சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தார்.

பாப்பாவின் கை மூன்று படங்களுக்கு மேலே மிதந்துகொண்டிருந்தது. சரியான படத்துக்கு நேராக வந்ததும் திரையில் இருந்த பெண்ணின் இடது புருவம் ஏறியது. கை இறங்கியது. அடுத்த தடவையும் அப்படியே. டம்ளரைத் தூக்கியபோது அந்தப் பெண்ணின் நாக்கு நுனி பல்லுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டு சத்தமில்லாமல் 'த' என்று காத்திருந்தது. பொறுமையாக ஐந்து எண்ணிக்கொண்டிருந்ததாக அவர் நினைத்த நேரமெல்லாம் புருவம் பதிலைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார். வெட்கமாக இருந்தது. நான்காவது தடவை சிரிப்பு வந்துவிட்டது. டப்பாவைத் திறந்து சாப்பிட்டு முடித்தார். பிறகு பாப்பாவின் கோப்பை எடுத்து, ஆறு வாரக் குறிப்புகளின் மேல் 'என் முகத்தின் உதவியோடு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாதாந்தரக் கூட்டத்தில் நல்ல உதாரணமாகக் காட்ட வைத்திருந்ததை இப்படிக் கெடுத்துவிட்டீர்களே என்று நிர்வாகி வருத்தப்பட்டார். இப்போதுதான் அது நல்ல உதாரணம், கூட்டத்தில் நானே காட்டுகிறேன் என்றார் அஞ்சு மேடம். காட்டவும் செய்தார்.

பெற்றோரைக் கூப்பிட்டு வீடியோவை அவர்களிடமும் போட்டுக் காட்டினார். மெக்கானிக் பார்த்துத் தலையசைத்தார். மனைவிக்குத்தான் முகம் வாடிவிட்டது.

"அப்ப இந்த ஆறு வாரமும் போச்சா மேடம்?"

"தப்பு என்னோடது. ஆனா ஒண்ணு பாருங்க, யாரும் சொல்லிக்கொடுக்காமலே என் மூஞ்சியைப் படிக்கக் கத்துக்கிட்டிருக்கா உங்க பொண்ணு. இவ்வளவு கவனம் இருக்கிறவளுக்கு மத்ததைச் சொல்லிக்கொடுக்க முடியும். திரும்ப ஆரம்பிக்கலாம்."

இந்தத் தடவை அவர் பாப்பாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். முன்னால் அம்மா தண்ணீர் டம்ளரோடு பேசாமல் இருக்கவேண்டும். பாப்பா தண்ணீர்ப் படத்தை எடுத்து அம்மாவிடம் நீட்டினால் உடனே தண்ணீர். கை போகவில்லையென்றால் பின்னாலிருந்து அஞ்சு மேடம் மணிக்கட்டைப் பிடித்து வழிகாட்டுவார். அப்புறம் முழங்கையில் மட்டும் தொடுவது, அப்புறம் தோளில், கடைசியில் ஒன்றுமில்லை. முகமே இல்லாத உதவி.

அம்மாவுக்குத்தான் கஷ்டமாக இருந்தது. பேசாமல் இருக்க முடியவில்லை. ஐந்து எண்ணச் சொன்னால், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி எண்ணினார். "உங்க அஞ்சு எனக்கு ரெண்டுகூட வராது" என்று அஞ்சு மேடம் கேலி செய்தார். வீட்டில் பின்னால் உட்காரும் பொறுப்பை மெக்கானிக் ஏற்றார். அவசரமில்லாத கை அவருக்கு.

இரண்டாம் வாரம் பாப்பா மணிக்கட்டை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். மறுநாளும் இழுத்தாள். பழகிவிடும் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். பிடிக்கவில்லை என்று அவள் சொல்வதை அஞ்சு மேடம் பேச்சாகவே எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து மணிக்கட்டைப் பிடிப்பதை விட்டுவிட்டுச் சட்டைக் கையின் ஓரத்தை லேசாகத் தொட்டார். அதோடு மேஜையின் மூலையில் புதிதாக ஒரு படத்தை ஒட்டினார். விரித்த உள்ளங்கை, கீழே 'போதும்' என்று எழுத்து. அதைத் தொட்டால் வகுப்பு அந்த நிமிஷமே நிற்கும். தொடும்போதெல்லாம் அந்தச் சொல்லை ஒருதடவை வாயால் சொல்லிவிட்டு அவர் பொருள்களை எடுத்துவைப்பார்.

முதல் நாள் பாப்பா அதைப் பத்தொன்பது தடவை தொட்டாள். பத்தொன்பது தடவையும் வகுப்பு நின்றது. இப்படிப் போனால் என்ன கற்றுக்கொள்ளப் போகிறாள் என்று நிர்வாகி கேட்டதற்கு, நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவேனா என்று சோதிக்கிறாள், பாஸாகிவிட்டுச் சொல்கிறேன் என்று பதில் வந்தது. பத்து நாளில் பத்தொன்பது நான்கானது. அந்த மாதக் கடைசியில், பாப்பா தண்ணீர்ப் படத்தைத் தேடி எடுத்து, யாருடைய கையும் படாமல், அடுப்படியில் முதுகைக் காட்டி நின்ற அம்மாவின் முந்தானையை இழுத்து நீட்டினாள். அம்மா டம்ளர் நிறையக் கொடுத்துவிட்டு, அடுப்பை அணைக்க மறந்துபோய் மேடத்துக்குப் போன் செய்தார்.

நான்காவது மாதம் பாப்பாவைச் செருப்புக் கடைக்குக் கூட்டிப்போனார்கள். அம்மா இன்னொரு அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தார். கடைக்காரர் குனிந்து நான்காவது ஜோடியை மாட்டிக்கொண்டிருந்தபோது, பாப்பா காலை இழுத்துக்கொண்டு தெளிவாகச் சொன்னாள்: "போதும்."

கடைக்காரர் சரிம்மா என்று சொல்லிப் பெட்டியை மூடினார். தினமும் நூறு பேர் அவரிடம் சொல்கிற சொல் அது. அலமாரிப் பக்கம் நின்ற அம்மாவுக்குத்தான் கால் தரையில் நிற்கவில்லை. மறுநாள் மையத்தில் வந்து மூச்சுவிடாமல் சொன்னார். அஞ்சு மேடம் சந்தோஷப்படுவதற்கு முன்னால் விசாரணையை முடித்துக்கொண்டார்.

"நீங்க அவளைப் பாத்தீங்களா?"

"இல்ல மேடம், என் முதுகுதான் அவ பக்கம். சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்."

"கடைக்காரர் மூஞ்சி?"

"குனிஞ்சு லேஸ் கட்டிட்டு இருந்தார். அவளுக்கு அவரோட வழுக்கைத் தலைதான் தெரிஞ்சிருக்கும்."

அதன்பிறகுதான் அவர் உட்கார்ந்து அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். கோப்பில் அன்று 'உதவி: இல்லை' என்று எழுதினார்.

பாப்பாவுக்கு இப்போது ஒன்பது வயது. நாற்பது சொல் அளவில் வாயால் சொல்கிறாள், மீதியைப் படங்களால் கேட்கிறாள். மணிக்கட்டைப் பிடித்தால் பிடிக்காது என்பது பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். அஞ்சு மேடம் நிர்வாகியோடு வாதாடி, மையத்தின் ஆறு அறைகளிலும் ஒவ்வொரு மேஜையின் மூலையிலும் 'போதும்' படத்தை ஒட்டவைத்தார். அந்த வாரம் எல்லா வகுப்புகளும் பாதியிலேயே முடிந்தன. காத்திருப்போர் அறையில் பெற்றோர் முணுமுணுத்தார்கள். நிர்வாகி பதறிப்போய் வந்து கேட்டபோது, அடுத்த மாதம் வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த குழந்தையைக் கூப்பிட்டார்.