பாயின் ஓரத்தில் ஓர் இடம்

அந்த வேன்காரருக்கு ஏரிக்கரையில் தெரியாத மரம் கிடையாது. ஆனால் ஒரு மரத்தடியிலும் உட்கார்ந்ததில்லை. ஞாயிறு தவறாமல் ஆபீஸ்காரர்கள், டீச்சர்கள், யார் வீட்டுச் சொந்தபந்தமோ, ஒரு கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போவார். அவர்கள் பாய் விரித்து, பந்து எறிந்து, கத்திக் களைத்துத் திரும்பும்வரை செருப்புக்கும் பைக்கும் இவர்தான் காவல். "டிரைவர் அண்ணே, சாப்பிடுங்க" என்று ஜன்னல் வழியே தட்டை நீட்டுவார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் "வந்து உக்காருங்க" என்று மட்டும் ஒருவர் வாயிலும் வந்ததில்லை. மடியில் தட்டை வைத்துச் சாப்பிடும்போது, அந்தப் பாயின் ஓரத்தில் தனக்கும் ஓர் இடம் இருந்தால் எப்படியிருக்கும் என்று ஏக்கமாக இருக்கும்.

ஏரிக்கு நாமும் போகலாமா என்று மனைவி கேட்கும்போதெல்லாம் "சீசன் முடியட்டும்" என்பார். சீசன் முடியும், வண்டிக்கு ஏதாவது வேலை வரும். பிள்ளைகள் வளர்ந்து வேறு ஊர் போனதுதான் மிச்சம்.

ஒருவழியாக ஒரு புதன்கிழமை இருவரும் கிளம்பினார்கள். அவளுக்கு வாயெல்லாம் பல். ஏரி வாசலில் நிறுத்தி, இறங்கி வந்து கதவைத் திறந்தார்.

"நாலு மணிக்கெல்லாம் வண்டிக்கு வந்துடணும். செருப்ப இங்கயே விட்டுட்டுப் போங்க."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சரிங்க டிரைவர். வண்டிய நிறுத்திட்டு சீக்கிரம் வாங்க" என்று பாயையும் சாப்பாட்டுக் கூடையையும் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

வழக்கமான நிழலில் வண்டியை விட்டார். பாழாய்ப்போன பழக்கம், கை தானாகச் சீட்டைச் சாய்த்தது. ஒரு நிமிஷம்தான் என்று கண்ணை மூடினார்.

விழித்தபோது வெயில் இறங்கியிருந்தது. அவள் வண்டிப் படியில் உட்கார்ந்திருந்தாள். கூடை திறக்கப்படவே இல்லை.

"எழுப்பியிருக்கக் கூடாதா?"

"எழுப்பத்தான் வந்தேன். அசந்து தூங்குறீங்க, மனசு வரல."

அவருக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. உள்ளே காவலாளி விசிலடித்து எல்லாரையும் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார். அவள் வண்டியோரப் புழுதியிலேயே பாயை விரித்தாள்.

"வாங்க, வந்து உக்காருங்க."

அவர் வண்டியிலிருந்து இறங்கினார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் ஏரி தெரியவில்லை, டயர்தான் தெரிந்தது. ஆறிப்போன ரொட்டியை அவள் பிய்த்துக் கொடுத்தாள்.

அதற்குள் ஒரு குடும்பம் அவசரமாக ஓடி வந்தது. "டிரைவர், வண்டி டவுனுக்கு வருமா?"

வாயில் ரொட்டியோடு அவர் எழப்போனார். அவள் அவர் முழங்காலைப் பிடித்து அமர்த்தினாள்.

"டிரைவர் இன்னைக்கு வரலைங்க" என்றாள். "இவர் என்கூட வந்தவர்."