பச்சைக் காய்க்கு வந்த விண்ணப்பம்

நம்பாதவர்கள் இந்தப் பக்கத்தோடு எழுந்து போகலாம். எனக்குக் கோபம் வராது. வர வேண்டிய கோபமெல்லாம் 1988 கார்த்திகையிலேயே வந்துவிட்டது. வந்தது இன்னும் போகவில்லை. நான் சொல்லப்போவது டென்மார்க்கில், ஹேர்னிங் நகரத்தில், என் சொந்த வீட்டு ஹோலில் தொடங்கியது. திகதியையும் நேரத்தையும் நானாகப் போடவில்லை. கம்பியூட்டர் தானே பதிந்து வைத்த பட்டியல், ஓரத்தில் துளை போட்ட காகிதத்தில், என் அலுமாரிக்குள் கிடக்கிறது. மை மங்கியிருந்தாலும் வாசிக்கலாம்.

என் பெயர் சண்முகலிங்கம். அப்போது பக்கத்து ஊரான இக்காஸ்டில் ஒரு துணி ஆலையில் பின்னல் மெஷின் திருத்துபவனாக வேலை. காலை ஆறு மணிக்குத் தொடங்கி இரண்டரைக்கு முடியும். ஆலை அலுவலகம் கழித்துவிட்ட பழைய கம்பியூட்டர் ஒன்றை வாங்கி, மோடம் ஒன்றைப் பூட்டி, வீட்டுத் தொலைபேசியில் ஒரு புலட்டின் போர்ட் நடத்தினேன். இன்டர்நெட் எல்லாம் பிறகு வந்த கதை. அன்று ஒருவர் தன் கம்பியூட்டரால் என் எண்ணுக்கு அழைத்தால், மோடம் விசிலடித்து அவரை உள்ளே எடுக்கும். அவர் தட்டுவது என் திரையில் தெரியும். கடிதம் எழுதி வைக்கலாம். விளையாடலாம்.

விளையாட்டுக்காக நான் ஒரு லூடோ புரோகிராம் எழுதினேன். நாலு பேர், நாலு நிறம். தொலைபேசி லைன் ஒன்றுதான் என்பதால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வரலாம். கட்டையை உருட்டி, காயை நகர்த்திவிட்டு அவர் லைனை வைக்க, அடுத்தவர் அழைப்பார். மாலை மூன்றிலிருந்து ஆறு மணி வரைதான் திறந்திருக்கும். நாலு பேரும் சேராமல் ஆட்டம் தொடங்காது. சிவப்பு நான். மஞ்சள், புரொண்பி என்ற ஊரில் இருந்த தமிழ்ப் பொடியன் அல்பேட். நீலம், ஆலையில் என்னோடு வேலை செய்த பெண்ட் என்ற டெனிஷ்காரன். பச்சைக்கு ஆள் கிடைக்கவில்லை.

புதிதாக வருபவர் பெயர், ஊர், தொலைபேசி எண் எல்லாம் கொடுத்து விண்ணப்பிக்க வேண்டும். நான் அந்த எண்ணுக்குத் தொலைபேசி எடுத்து, உண்மையான ஆள்தானா என்று பார்த்த பிறகே அனுமதி கொடுப்பேன். அதுவரை அவர் திரையில் ஒரேயொரு வசனம் தெரியும். 'உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது. தயவுசெய்து காத்திருக்கவும்.'

அந்த வசனம் என்னுடையது அல்ல. கொப்பன்ஹேகன் குடிவரவு அலுவலகம் என் நண்பர் மரியரட்ணத்துக்கு அனுப்பிய வசனம். மரியரட்ணம் மன்னார் ஆள். என்னுடைய ஆலையில்தான் சாயம் போடும் பகுதியில் வேலை, பின்னேரம் இரண்டு முதல் இரவு பத்து வரை. கலியாணம் கட்டி ஐந்தாம் மாதம் நாட்டை விட்டு வந்தவர். மனைவி மேரிசெலின் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருந்தார். அகதியின் மனைவிக்கு இங்கே வந்து சேர உரிமை உண்டு என்று சட்டம் சொன்னது. 1987 கார்த்திகையில் மரியரட்ணம் விண்ணப்பித்தார். ஒரு வருடம் போயும் அதே வசனம். கடிதத்திலும் அது, தொலைபேசியிலும் அது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சட்டம் கொடுத்த வரத்தை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். மேலிடத்து உத்தரவில், வேண்டுமென்றே. அது பிறகு ஊருக்கே தெரிந்தது. அப்போது எங்களுக்கு வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

மனைவி வருவார் என்று மரியரட்ணம் இக்காஸ்டில் இரண்டாம் மாடியில் ஒரு வீடு எடுத்திருந்தார். புதுக் கட்டில் வாங்கிப் போட்டார். மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றவில்லை. "செலின் வந்து கிழிக்கட்டும்" என்பார். அவர் படுத்தது ஹோலில், சோபாவில்.

அந்த ஆத்திரத்தில்தான் அலுவலகத்தின் வசனத்தை ஒரு எழுத்தும் மாற்றாமல், டெனிஷிலும் ஆங்கில எழுத்துத் தமிழிலும், என் போர்டில் போட்டேன். அல்பேட் பார்த்துவிட்டு, "அண்ணை, நல்ல அடி!" என்று சிரித்தான். மரியரட்ணமும் சிரித்தார். எனக்குப் பெரிய கெட்டித்தனம் செய்த நினைப்பு.

நவம்பர் 24, வியாழக்கிழமை. மாலை 4:12. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.

மோடம் விசிலடித்தது. திரையில் வேகம் 300 என்று விழுந்தது. அல்பேட்டும் பெண்ட்டும் 1200 இல் வருவார்கள். 300 என்பது ஆமை. ஒவ்வொரு எழுத்தாக ஊர்ந்து வந்தது.

பெயர்: மேரிசெலின்.

ஊர்: இக்காஸ்ட்.

தொலைபேசி: மரியரட்ணத்தின் வீட்டு எண்.

சேர விரும்பும் காரணம் என்ற இடத்தில், ஆங்கில எழுத்தில் தமிழ். 'வந்திட்டன். உள்ளுக்கை விடுங்கோ.'

எனக்கு உச்சந்தலை வரை கொதித்தது. எவனோ பகிடி விடுகிறான். அதுவும் எதில்? வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறான். 4:15க்கு லைன் அறுந்தது. உடனே அந்த எண்ணுக்கு எடுத்தேன். மரியரட்ணம் வேலையில். அங்கே ஒருவரும் இருக்கக்கூடாது.

ஐந்தாவது மணியில் யாரோ எடுத்தார்கள்.

"ஆரது?"

ஒரு சத்தம் மட்டும் கேட்டது. டக்... டக்... டக்... கூரையில் தொங்கும் மின்விசிறி, இதழ் தளர்ந்து சுற்றுகிற சத்தம். டென்மார்க்கில், குளிர் காலத்தில், எந்த வீட்டில் கூரை விசிறி சுற்றுகிறது?

"அங்கை நிண்டு என்ன செய்யிறியள்?" என்று கத்தினேன். வைத்துவிட்டார்கள்.

அல்பேட்டுக்கு எடுத்தேன்.

"நீயோடா?"

"எது அண்ணை?"

"செலின்ரை பேரிலை வந்தது."

"ஐயோ அண்ணை... அதிலை போய் விளையாடுவனே? மாதா சத்தியம்."

நான் நம்பவில்லை. விண்ணப்பத்துக்கு அனுமதி கொடுக்கவும் இல்லை, அழிக்கவும் இல்லை. கிடந்து காயட்டும் என்று பட்டியலின் அடியில் போட்டேன்.

வெள்ளி 4:12. வேகம் 300. அந்த வசனத்தை மூன்று நிமிடம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனது.

சனி, ஞாயிறு வரவில்லை. அவை மரியரட்ணம் வீட்டில் நிற்கிற நாட்கள். ஞாயிறு அவரைக் கண்டேன். விசயத்தைச் சொல்ல மனம் வரவில்லை.

"வீட்டுக்கு ஆரும் வந்து போகினமோ?"

"ஆர் வாறது? ஏன் கேக்கிறீர்?"

"சும்மா."

"ரண்டு நாளா வேலையால வரேக்கை ஹோலிலை லைற் எரியுது. நான் நூத்திட்டுத்தான் போறனான். எனக்கும் மறதி வந்திட்டுது போல."

என் கோபம் இரண்டு மடங்காகியது. எவனிடமோ வீட்டுத் திறப்பு இருக்கிறது. நுழைந்து இருந்துகொண்டு விளையாடுகிறான்.

திங்கள் 4:12.

போர்டின் சொந்தக்காரன் ஒரு விசையை அழுத்தினால் வந்தவரோடு நேரே எழுதிக் கதைக்கலாம். அழுத்தினேன். 'ஆர் நீ?' என்று தட்டினேன்.

எழுத்து எழுத்தாக வந்தது. 'செ...லி...ன்.'

'பகிடி காணும்.'

'எவ்வளவு நேரம் பொறுக்கிறது?'

நான் என்ன செய்தேன் தெரியுமா? அலுவலகத்தின் வசனத்தை என் கையாலேயே தட்டினேன். உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது. தட்டிவிட்டு லைனை அறுத்தேன். 4:19. எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது.

செவ்வாய், நவம்பர் 29. ஆளைப் பிடித்தே தீருவது என்று போனேன். மரியரட்ணம் ஒரு திறப்பை என்னிடம் தந்து வைத்திருந்தார். போர்டை வீட்டில் திறந்து வைத்துவிட்டு இக்காஸ்டுக்குக் கார் ஓட்டினேன். 3:58க்குக் கதவைத் திறந்தேன். பூட்டு பூட்டியபடிதான் இருந்தது.

உள்ளே ஒருவரும் இல்லை. கம்பியூட்டரும் இல்லை, மோடமும் இல்லை. சோபாவில் மடித்த போர்வை. ஸ்டூலில் தொலைபேசி. அறைக்குள் பிளாஸ்டிக் உறையோடு கட்டில். கதவில் ஒரு பெண்பிள்ளையின் புதுக் குளிர்க் கோட், விலை அட்டை கழற்றாமல் தொங்கியது. கூரையைப் பார்த்தேன். விசிறி இல்லை.

லைற்றை நூத்தேன். இரும்பு டோர்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு சோபாவில் இருந்தேன். வருகிறவனின் முழங்காலை உடைக்கிறது என்ற முடிவு.

4:05. படியில் காலடி இல்லை.

4:10. ஒன்றும் இல்லை.

4:12.

டிங்.

யாரோ ரிசீவரைத் தூக்கினால் தொலைபேசிக்குள் ஒரு சின்ன மணி தட்டுமே, அது. ரிசீவர் அதன் இடத்திலேயே இருந்தது. என் கண் முன்னால்.

எடுத்துக் காதில் வைத்தேன்.

என் மோடத்தின் விசில். ஹேர்னிங்கில், பூட்டிய என் வீட்டில் இருந்து, அது பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

"ஆரடா?"

விசில் நின்றது.

டக்... டக்... டக்...

பிறகு ஒரு பெண் குரல். களைத்த குரல்.

"அண்ணை... இங்கையும் பொறுக்கத்தானே சொல்லுறியள்."

அது ரிசீவரில் கேட்கவில்லை.

அறைக்குள் கேட்டது.

சரக்...

மெத்தையின் பிளாஸ்டிக்.

படுத்திருந்தவர் எழுந்து உட்காரும் சத்தம்...

நான் ஓடினேன்.

கதவைப் பூட்டினேனா, தெரியாது. வீட்டுக்கு வரும்போது 4:50. பட்டியலில் 4:12, வேகம் 300, மேரிசெலின் என்று பதிந்திருந்தது. அனுமதி கொடுத்தேன். பச்சைக் காயை அந்தப் பெயருக்கு எழுதினேன். 'மன்னிச்சுக்கொள்ளும் தங்கச்சி, உள்ளுக்கை வாரும்' என்று ஒரு கடிதமும் வைத்தேன். அந்த வசனத்தை அழித்தேன்.

புதன் 4:12. மோடத்தைப் பார்த்தபடி இருந்தேன்.

வரவில்லை.

வியாழனும் வரவில்லை. பிறகு ஒருநாளும் வரவில்லை. அந்த லூடோ தொடங்கவேயில்லை.

டிசம்பர் 14 ஆம் திகதி மரியரட்ணத்துக்குக் கடிதம் வந்தது. செலினின் தமையன் எழுதியது. நாட்டில் வேலைநிறுத்தம், தபாலும் இல்லை, தந்தியும் இல்லை. அதனால்தான் இத்தனை நாள். செலினுக்குக் காய்ச்சல். ஊரடங்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு வாகனம் பிடிக்க முடியவில்லை. நவம்பர் 24, வியாழன் இரவு, எட்டு நாற்பதுக்கும் எட்டே முக்காலுக்கும் இடையில், லொட்ஜ் அறையிலேயே, இதழ் தளர்ந்த மின்விசிறிக்குக் கீழே, உயிர் போய்விட்டது. நேர வித்தியாசம் நாலரை மணி. நீங்களே கணக்குப் பாருங்கள்.

மரியரட்ணத்திடம் நான் வாய் திறக்கவில்லை. ஜனவரியில் அவர் அந்த வீட்டை விட்டுவிட்டு ஹேர்னிங்குக்கு வந்தார். 1989 ஜனவரி 6 ஆம் திகதி அந்தத் தொலைபேசி இணைப்பு துண்டிக்கப்பட்டது. மார்ச் 17 இல் அலுவலகத்தின் கடிதம் வந்தது. மேரிசெலின் டென்மார்க் வரலாம் என்று அனுமதி. அவர் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். இதை எழுதும்போது எனக்கு இப்போதும் எதையாவது போட்டு உடைக்க வேண்டும் போல இருக்கிறது.

1993 இல், தமிழ்க் குடும்பங்களின் விண்ணப்பங்களை மேலிடம் பூட்டி வைத்ததெல்லாம் வெளியே வந்தது. அதனால் டென்மார்க் அரசாங்கமே பதவி இழந்து வீட்டுக்குப் போனது. மரியரட்ணம் ஒரு வழக்கறிஞரைப் பிடித்துத் தன் கோப்பின் பிரதியை எடுத்தார். ஒரு சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டார். மேசையில் கட்டாகக் காகிதம்.

"லிங்கம், உமக்கு டெனிஷ் நல்லா வரும். இதை வாசியும்."

தொலைபேசிக் குறிப்புகள். வேறு வேறு ஆட்களின் கையெழுத்து. முதலாவது, 1988 நவம்பர் 25. மாலை 3:50. 'மனைவி தொலைபேசியில். இக்காஸ்டிலிருந்து அழைக்கிறார். காத்திருக்கும்படி சொல்லப்பட்டது.'

அடுத்தது 28 ஆம் திகதி, 3:50. அடுத்தது 29 ஆம் திகதி, 3:50. நான் அந்தக் கதவைத் திறப்பதற்கு எட்டு நிமிடம் முன்னால்.

புரட்டினேன். சனி, ஞாயிறு தவிர ஒவ்வொரு நாளும் 3:50. அதே எண்ணிலிருந்து. எழுபதுக்கும் மேற்பட்ட குறிப்புகள். ஒவ்வொன்றின் கீழும் காத்திருக்கும்படி சொல்லப்பட்டது, காத்திருக்கும்படி சொல்லப்பட்டது. கடைசிக் குறிப்பு மார்ச் 17.

இத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள். வீசா கொடுக்காத பெண் இக்காஸ்டில் இருந்து எப்படி அழைக்கிறார் என்று அவர்களில் ஒருவராவது கேட்கவில்லை. ஒருவராவது!

அன்றைக்குத்தான் என்னுடைய பட்டியலையும் கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்தேன். நான் செய்ததையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஜனவரி 6 வரை ஒரு பக்கமும் அதற்குப் பிறகு வந்தவற்றை மறுபக்கமும் அடுக்கினார். மறுபக்கம்தான் உயரம்.

அதன் மேல் கையை வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"அப்ப... நான் வீட்டை விட்டிட்டு வந்தாப் பிறகும் அவ அங்கை தனியவோ நிண்டவ?"