ஒரகடத்துக்குப் போன ஒரு டப்பா தேன்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் சரி. செங்கல் சூளையில் மண் மிதித்தேன். அந்தக் காசில் டீக்கடை வைத்தேன். டீக்கடை வருமானத்தில் பழைய தண்ணீர் லாரி ஒன்று வாங்கினேன். லாரி ஓட்டிய காசில் மணிமங்கலத்தில் பதினெட்டு அறை கட்டினேன். "ஏரிக்கரைப் பக்கம் எவன் குடி வருவான்?" என்று சிரித்தார்கள். இன்று ஓர் அறைகூடக் காலி இல்லை. அறுபது வயதுக்கு மேல் மாந்தோப்பில் நாற்பது தேனீப் பெட்டி வைத்தேன். கொட்டியே சாகப்போகிறாய் என்றான் என் மகன். கொட்டின. சாகவில்லை. இப்போது அறுபத்தெட்டு.

இத்தனையும் செய்தவன், ஒரு காலி டப்பாவால் ஒரு பெண்ணின் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தேன். அதைச் சரிசெய்யத்தான் போன வாரம் வியாழக்கிழமை ஒரகடம் போனேன்.

அந்தப் பெண் மாரிச்செல்வி, சங்கரன்கோவில் பக்கம். ஒன்றரை வருடம் என் அறையில் குடியிருந்தவள். இப்போது ஒரகடத்தில் ஹாஸ்டலில் தங்கி, கார் பம்பருக்குப் பெயின்ட் அடிக்கும் கம்பெனியில் வேலை செய்கிறாள். பெயின்ட் ஷாப்பில் கிரீம், பவுடர், தலைக்கு எண்ணெய் எதுவும் கூடாது. அந்தப் பிசுக்கு துளி பட்டாலும் அந்த இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் ஊசிக்குழி விழுமாம். எட்டு மணி நேரம் மாஸ்க், ஏசி. மூக்கோரமும் வாயோரமும் வறண்டு வெடித்துவிட்டன அவளுக்கு. நான்தான் சொன்னேன்: "வேலை முடிஞ்சு வந்து, ஈர மூஞ்சில தேன மெல்லிசா தடவு. கால் மணி நேரம் போவட்டும். வெதுவெதுப்பான தண்ணில கழுவு." பத்து நாளில் வெடிப்பு மூடிக்கொண்டது.

தேன் சரி. டப்பாதான் தப்பு. நான் எதையும் வீணாக்க மாட்டேன். என் அறைகளில் பெண்கள் தூக்கிப்போடும் கிரீம் டப்பாக்களை வெந்நீரில் அலசி, அதில்தான் தேன் ஊற்றிக் கொடுப்பேன். மூடியில் சிரிக்கும் பெண்ணின் படத்தைக்கூட உரிக்கவில்லை. மூன்று நாளாகப் பம்பரில் குழி விழுகிறதென்று புதன்கிழமை லாக்கர்களைச் சோதித்தவர்கள் கையில் அந்த டப்பா கிடைத்தது; வேலை முடிந்ததும் அங்கேயே தடவிக் கழுவலாம் என்று அவள் லாக்கரில் வைத்திருந்தாள். தேன் என்று இவள் சொன்னதை யாரும் நம்பவில்லை. அடுத்த மாதம் லைன் லீடராக வேண்டியவள். வியாழன் பத்து மணிக்கு விசாரணை. கிரீம் என்று முடிவானால் பேக்கிங் பகுதிக்கு மாற்றம்.

"தாத்தா, நீங்க வர வேண்டாம். மனசு கேக்காம சொல்லுதேன், அவ்வளவுதான்" என்றாள் போனில். வர வேண்டாம் என்றால் நிற்கிற ஆளா நான்?

காலை 8.10, மணிமங்கலம். அதே பெட்டியில் எடுத்த தேனைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றிக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினேன். படப்பைக்கு ஆறு கிலோமீட்டர், இருபது ரூபாய். டிரைவரின் கெண்டைக்காலில் பைக் சைலன்சர் சுட்ட தழும்பு. என் பையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"பெருசு, பையில இன்னா, தேனா? எங்க வூட்ல தடவுனா செவப்பாயிடுவாளா?"

"செவப்பு வேணும்னா பெயின்ட் கம்பெனிக்குத்தான் போவணும். தேன் காஞ்ச தோல்ல ஈரத்தப் புடிச்சி வெக்கும், அவ்ளோதான். செவப்பாக்கும்னு எவனாச்சும் வித்தா அவன் ஃபிராடு."

"என் கால் சுட்டப்ப நீ எங்க போயிருந்த?"

"டீக்கடைல என் கைமேல கொதிக்கிற பால் ஊத்திக்கிச்சி. பச்சத்தண்ணில ரொம்ப நேரம் காட்டிட்டு, அப்பாலதான் தேன் வெச்சேன். தழும்பு கீதா பாரு."

இல்லை. அவரும் பார்த்தார். ஆனால் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: கொப்புளம் கட்டிய பெரிய சூடு, சீழ் வைத்த புண், சர்க்கரைக்காரர் காலில் வந்த புண் என்றால் நேராக ஆஸ்பத்திரி. தேன் பாட்டிலைத் தேட வேண்டாம். முகத்தில் போடுமுன் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவிப் பாருங்கள், அரித்தால் விட்டுவிடுங்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு நாக்கில்கூட வைக்காதீர்கள்.

9.25, ஒரகடம். படப்பையிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் சொச்சம், பஸ்ஸில் வந்தேன். கன்டெய்னர் லாரிகள் யானைக்கூட்டம் போல ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. கழுத்தில் அடையாள அட்டையோடு பிள்ளைகள் நின்றபடியே இட்லி சாப்பிடுகிறார்கள். பத்து ரூபாய்க்கு ஒரு டீ குடித்தேன். என் கடை டீயைவிடத் தண்ணீர்.

9.50, கம்பெனி வாசல். செக்யூரிட்டி என் போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டினார். பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார்.

"இத்த உள்ள உட முடியாது பெருசு."

"உள்ள நான் வரல. உங்க இன்ஜினீயர வெளிய வரச் சொல்லு. நாப்பது பெட்டிக்காரன் வந்துகிறான்னு சொல்லு."

வாசலை ஒட்டிய பார்வையாளர் அறைக்குக் குவாலிட்டி இன்ஜினீயர் வந்தார். முப்பது வயதிருக்கும். பளபளவென்று சீவிய தாடி. கையில் அந்த டப்பா. பின்னால் மாரிச்செல்வி, முகம் சுண்டிப்போய்.

"என்ன தாத்தா, சொல்லச் சொல்ல கேக்காம வந்துட்டீக" என்றாள்.

"நீ சும்மா இரு. டப்பா என்னுது, தப்பும் என்னுது" என்றேன். இன்ஜினீயர் கையிலிருந்து டப்பாவை வாங்கி, விரலால் வழித்து வாயில் போட்டேன். "கிரீமா இருந்தா துன்னுவனா?"

"தேன்தான் ஐயா, ஒத்துக்கறேன்" என்றார் அவர், தாடியை நீவிக்கொண்டே. "ஆனா டப்பால பழைய கிரீம் ஒட்டியிருந்தா? மூணு நாளா இருபது பம்பர் ரிஜெக்ட். நான் என்ன ரிப்போர்ட் எழுதறது?"

வெந்நீரில் இரண்டு முறை அலசினேன்தான். ஆனால் சத்தியம் செய்ய முடியுமா? மாரிச்செல்விதான் பேசினாள்.

"சார், டெஸ்ட் பிளேட் அடிச்சுப் பாப்போம். இதே டப்பாத் தேன கையில தடவி, கழுவிட்டு, ஒரு பிளேட்ல கைய வைக்கேன். இன்னொரு பிளேட்ல நீங்க வைங்க. லைன்ல பம்பரத் தொட்டுப் பாப்பீகள்லா, அதே மாதிரி கிளவுஸ் போட்டே வைங்க."

இருவரும் உள்ளே போனார்கள். பிளேட்டில் பெயின்ட் அடித்து, சூட்டில் காயவைத்துக் கொண்டுவர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றார் செக்யூரிட்டி. அவர் உதடு வெடித்திருந்தது. பாட்டிலில் இருந்து கொஞ்சம் கொடுத்தேன். உள்ளே விடமாட்டேன் என்ற அதே தேனைத் தடவியது போதாமல் நக்கியும் விட்டார். நான் வெளியே சிரித்தேன். உள்ளுக்குள் அந்த டப்பாவின் அடிதான் கண்ணில் நின்றது.

11.35. இரண்டு பிளேட்டோடு வந்தார்கள். மாரிச்செல்வி கை வைத்தது கண்ணாடி போல இருந்தது. இன்ஜினீயர் வைத்ததில் ஐந்து விரல் தடமும் குழி குழியாக.

அவர் தன் கிளவுஸைப் பார்த்தார். பிறகு கிளவுஸ் போட்ட அந்தக் கை தானாகத் தாடிக்குப் போனது. பாதி வழியில் நின்றது.

"சார், தாடிக்கு என்ன போடுதீக?" என்றாள் மாரிச்செல்வி, மெதுவாக.

"ஆயில்" என்றார். "போன வாரம்தான் வாங்கினேன்." செக்யூரிட்டி இருமுவது போல வெளியே போய்ச் சிரித்தார்.

நல்ல பிள்ளை. மறைக்கவில்லை. அங்கேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டார். லைன் லீடர் விஷயத்தில் மாற்றமில்லை என்றார். "இங்க எல்லாருக்குமே இந்த வறட்சி இருக்கு. வேலை முடிஞ்சு தேன் தடவிக் கழுவிக்கலாம்னு போர்டுல போட்டுடறேன்" என்று ஒரு தாளை எடுத்தார். புது யோசனை சொன்னவர் பெயரை எழுதும் கைசன் தாளாம் அது. அதில் மாரிச்செல்வி பெயரை எழுதினார்.

"என் பேரு?" என்றேன்.

"எம்ப்ளாயீ நம்பர் வேணுமே ஐயா."

12.20க்குக் கிளம்பினேன். என் தேனீப் பெட்டி வாசலிலும் காவலுக்குச் சில ஈக்கள் உண்டு; வருகிற ஒவ்வொரு ஈயையும் மோந்து பார்த்துத்தான் உள்ளே விடும். இங்கேயும் அப்படித்தான். ஆனால் என் பெட்டியில் யாருக்கும் நம்பர் கிடையாது. பூவிலிருந்து துளி கொண்டுவந்த எல்லாருக்கும் அந்தத் தேனில் பங்கு உண்டு. மற்றபடி மனசு நிறைந்துதான் வீடு திரும்பினேன். புது டப்பா ஐம்பது வாங்கிவிட்டேன்.

கம்பெனிக்காரர்கள் இதைப் படித்தால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மாரிச்செல்வி பெயர் மேலே இருக்கட்டும், அது நியாயம். அதற்குக் கீழே, 'தேனும் டப்பாவும்: கன்னியப்பன், மணிமங்கலம்' என்று போர்டில் எழுத வேண்டும். டப்பாவை விட்டுவிடாதீர்கள். தப்பை என்னுடையது என்று வந்து ஒத்துக்கொண்டவனுக்குப் பேரும் சேர வேண்டும்.